‘ஸ்கேனை வெளியே எடுத்துட்டு வாங்க’ என்று சொன்னால்

அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு ஸ்கேன் இலவசம். 2011 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் ஜனனி சிசு சுரக்ஷா காரியகிரம் திட்டத்தில் ரத்தப் பரிசோதனை, மருந்து, பிரசவம் எல்லாவற்றோடும் ஸ்கேனும் அடக்கம். திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். சிக்கலெல்லாம் கவுண்டரில்தான்.

“மூணாவது குழந்தையா? அப்போ இலவசம் கிடையாது” என்பார்கள். தவறு. முதல் இரண்டு பிரசவம், 19 வயது, வறுமைக்கோடு என்ற நிபந்தனைகளெல்லாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு உரியவை; ஸ்கேனுக்கு அல்ல. இரண்டையும் ஊழியர்களே குழப்பிக்கொள்கிறார்கள், அலைவதென்னவோ வயிற்றுப் பிள்ளைக்காரி.

அடுத்தது தாய்வீட்டுச் சிக்கல். வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்கு வருகிறாள். குழந்தை சரியாக வளர்கிறதா என்று பார்க்கும் குரோத் ஸ்கேன் தேவைப்படுவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். “நீங்க எங்க ஏரியா இல்லையே” என்று பதில் வரும். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் 12 இலக்க ஆர்.சி.எச். எண், அதாவது நம் ஊரில் பிக்மி எண் என்கிறோமே, அது ஊர் மாறினாலும் மாறாது. அதைக் காட்டுங்கள். புதிதாக இன்னொரு பதிவு போடச் சம்மதிக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் இந்த எண்ணைக் கேட்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், 31 வாரம், பி.பி. அதிகம். முதல் நாள் போனபோது மெஷின் இருந்தது, ஸ்கேன் டாக்டர் இல்லை. இரண்டாம் முறை, செவ்வாய்க்கிழமை மட்டும்தான் என்றார்கள். செவ்வாயன்று போனால் சீட்டில் சீல் இல்லையாம். சீல் வைக்க வேண்டியவர் இருந்தது அதே கட்டடத்தின் மாடியில்! கடைசியில் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கித் தனியாரில் எடுத்தார்கள்.

இப்படி நடந்தால் சண்டை போட வேண்டாம். “இங்கே ஸ்கேன் வசதி இல்லைன்னு இந்தச் சீட்டிலேயே எழுதி, வசதி இருக்கிற ஜி.எச்.சுக்கு அனுப்புங்க” என்று கேளுங்கள். ஒரு அரசு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும்போது வண்டியும் இதே திட்டத்தில் இலவசம். எழுதித் தரச் சொன்னதும் பழுதான மெஷின் சரியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படியும் நடக்கவில்லை என்றால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்குப் போன் செய்யுங்கள்.

பி.பி., சர்க்கரை, கடும் ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, முந்தைய குழந்தை எடை குறைவாகப் பிறந்தது என்று ஏதாவது இருந்தால் அது தாய்சேய் நல அட்டையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. மாதந்தோறும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்காக நடக்கும் சிறப்பு முகாமில், ஆபத்துள்ள கர்ப்பம் என்றால் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். 9ஆம் தேதி விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில் போங்கள்.

முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள். குழந்தைக்கு எத்தனை வாரம் என்பதை அதை வைத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அது இல்லாமல், கடைசி மாதவிடாய்த் தேதியும் தப்பாக இருந்தால், நன்றாக வளரும் குழந்தையே சின்னதாகத் தெரியும். உண்மையிலேயே வளராத குழந்தை கண்ணில் படாமலும் போகும். எல்லா ரிப்போர்ட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். சில இடங்களில் அசலை வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் காணோம் என்பார்கள்.

“எடை 1.6 கிலோ” என்ற ஒற்றை எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். ஸ்கேன் சொல்லும் எடை பத்து, பதினைந்து சதவீதம் முன்பின் இருக்கும். இரண்டு ஸ்கேனுக்கு இடையில் எவ்வளவு வளர்ந்தது என்பதுதான் முக்கியம். அதற்கு இரண்டு வார இடைவெளியாவது வேண்டும். வாராவாரம் எடை பார்க்கச் சொல்லும் சென்டரில் காரணம் கேளுங்கள். தொப்புள்கொடி ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் வேறு. டாக்டர் சொன்னால் அதை இடைவெளி பார்க்காமல் எடுக்கலாம்.

குழந்தையின் அசைவு குறைந்ததுபோல் இருந்தால் ஸ்கேன் தேதி, செவ்வாய்க்கிழமை, சீல் எதையும் பார்க்காதீர்கள். இரவானாலும் 108-ஐ அழைத்து, பிரசவ வார்டு உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். அட்டையை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.