தோட்டத்துக்கு வைஃபை வேண்டுமா? முதலில் கேபிளைப் பற்றிப் பேசுவோம்

சிங்கப்பூரில் தரைவீடுகளிலிருந்து, அதாவது சொந்த நிலத்தோடு கூடிய வீடுகளிலிருந்து, எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில்தான் தொடங்குகின்றன: "தம்பி, இன்னொரு மெஷ் பெட்டி வாங்கி வைத்தால் வெளிச் சமையலறை வரைக்கும் வைஃபை வந்துவிடுமா?" வரும், அம்மா. வேகம்தான் வராது. மெஷ் பெட்டி என்பது ரவுட்டரின் அலையைப் பிடித்து மறுபடி அனுப்பும் துணைப்பெட்டி.

நம் ஊர் வீடுகளில் சுவர் செங்கல் அல்லது கான்கிரீட். வெயிலுக்குப் பயந்து சன்னல் கண்ணாடியில் ஒட்டும் படலங்கள் பலவற்றில் உலோகப் பூச்சு உண்டு. கார் நிற்கும் இடத்துக்கு மேலே தகரக் கூரை. இவற்றையெல்லாம் கடந்து தேய்ந்துபோன அலையைத்தான் புதிய பெட்டி பிடித்து மறுபடி அனுப்புகிறது. கைப்பேசியில் கோடுகள் முழுதாகத் தெரியும், காணொளி மட்டும் ஓடாது. அந்தக் கோடுகள் காட்டுவது கைப்பேசிக்கும் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கும் உள்ள தொடர்பை மட்டுமே. அந்தப் பெட்டி வரவேற்பறை ரவுட்டரிடம் எவ்வளவு தடுமாறுகிறது என்பது அதில் தெரியாது.

வைஃபையின் புதிய தலைமுறையான வைஃபை 7 வாங்கினாலும் இது தீராது. அதன் 6 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவரில் இன்னும் சீக்கிரம் தளர்ந்துவிடும். வீட்டுப் பெட்டிகள் அந்த அலைவரிசையைக் கட்டடத்துக்குள் பயன்படுத்தத்தான் இங்கு அனுமதி. தோட்டத்துக்கு வழக்கமான 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைகளே போதும்.

ஆகவே கேபிள்: வீட்டு ரவுட்டரிலிருந்து, வெளியே மாட்டும் வைஃபை பெட்டி வரை இழுத்துவிடுங்கள். ஒரே ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தரவையும் மின்சாரத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். இப்படி ஈதர்நெட் கேபிள் வழியே மின்சாரம் தரும் முறைக்குப் பிஓஇ என்று பெயர். சாதாரண பிஓஇ சுவிட்ச் (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி) ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தருகிறது. வெளியே மின்செருகுவாய் தேவையே இல்லை. வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட, முழுச் செம்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, செம்பு பூசிய அலுமினியம். பிஓஇக்கு அவை ஆகாது.

வைஃபை பெட்டியும் வெளிப்புறத்துக்கென்றே செய்ததாக, குறைந்தது ஐபி65 தரத்தில் (தூசு புகாது, பீய்ச்சும் நீரைத் தாங்கும்) இருக்கட்டும். ஒரு வீட்டில் உள்ளறைப் பெட்டியை உணவு டப்பாவுக்குள் வைத்து, மூடியைச் சுற்றி சிலிக்கோன் பசை பூசிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். திறந்தால் அடியில் தேங்கிய தண்ணீர், கேபிள் துளை வழியே குடியேறிய எறும்புகள், மூலையில் இரண்டு பல்லி முட்டைகள். இணைப்பு முனையின் ஊசிகள் பச்சையாகப் பூத்திருந்தன. மழை நேராக உள்ளே வரவில்லை. பகலில் சூடேறிய ஈரக்காற்று இரவில் குளிர்ந்து நீரானதே போதுமாக இருந்தது.

நான் உண்மையில் அஞ்சுவது இடியை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாள்களுக்கும் மேல் இடி இடிக்கிறது. மின்னல் வீட்டின்மேலேயே விழ வேண்டியதில்லை. அருகில் எங்காவது இறங்கினாலும், நீண்ட செம்புக் கேபிளில் மின்னழுத்தம் பாய்ந்து சுவிட்ச், ரவுட்டர், தொலைக்காட்சி என்று வரிசையாகப் பழுதாக்கிவிடும். திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் தடுப்பான் மாட்டினால் அதை நிலத்தொடுப்புடன் (எர்த்) இணைத்தே ஆக வேண்டும். இணைக்காவிட்டால் அது வெறும் அலங்காரம். பின்பக்க அறை தனிக் கட்டடமாக இருந்தால் கண்ணாடி இழைக் கேபிளையே போடச் சொல்வேன். கண்ணாடி மின்சாரம் கடத்தாது, ஒளியை மின்குறியாகவும் மின்குறியை ஒளியாகவும் மாற்ற இரு முனையிலும் மாட்டும் மாற்றிகளும் இப்போது பெரிய விலையில்லை. நிலத்தொடுப்பு வேலையையும் புதிய மின்செருகுவாய் போடுவதையும் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். மைத்துனருக்குத் தெரியும் என்பது உரிமம் ஆகாது.

வெளியே போன அலை வேலியோடு நிற்காது. எனவே தோட்டத்துக்கு விருந்தினர் இணைப்பைத் தனியாகப் பிரித்து, அனுப்பும் திறனையும் குறைத்து வையுங்கள். மூலையில் கிடந்த பழைய ரவுட்டரைத் தூசு தட்டி அங்கே மாட்டாதீர்கள். 2021 முதல் இங்கு விற்கப்படும் வைஃபை ரவுட்டர்கள் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் முதல் நிலையையாவது எட்டியிருக்க வேண்டும். உங்கள் பழைய பெட்டிக்கு மென்பொருள் புதுப்பிப்பு வருவதே நின்றுபோயிருக்கலாம்.

சுவரில் துளை போடுவதற்கு முன், நீளமான கேபிள் ஒன்றைத் தரையோடு விரித்து, பெட்டியைத் தோட்டத்து நாற்காலியில் வைத்து, வீட்டில் எல்லாரும் இணையம் பார்க்கும் ஒரு மாலை நேரத்தில் சோதித்துப் பாருங்கள். மழை இல்லாத மாலையாக இருக்கட்டும்.