லென்ஸுக்குள் விரியும் இதழ்கள்

“லென்ஸை மாற்ற முடியாது, ஜூமும் கிடையாது. இப்படி ஒரு சின்ன கேமராவுக்கு, லென்ஸ் மாற்றும் பெரிய கேமராவுக்குச் சமமாகப் பணம் கொடுக்கலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2011-ல் தொடங்கிய ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை, ரிக்கோ ஜிஆர் வரிசை போன்றவற்றைத்தான் அவர் நினைத்திருப்பார். கேள்வி நியாயமானது. ஆனால் அவர் குறையாகச் சொல்லும் அந்த நிலையான லென்ஸுக்குள்தான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பொறி ஒளிந்திருக்கிறது.

முதலில் சென்சார், அதாவது ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சில்லு. இந்தக் கேமராக்களில் இருப்பது ஏபிஎஸ்-சி அளவு, ஏறத்தாழ 23.6 × 15.6 மில்லிமீட்டர். சோனி ஆர்எக்ஸ்100 போன்றவற்றில் உள்ள ‘1 அங்குல’ சென்சார் 13.2 × 8.8 மில்லிமீட்டர்தான். பரப்பளவில் மூன்று மடங்கு வித்தியாசம். ஒளி துகள்களாக வந்து விழுவதால் அதன் எண்ணிக்கையில் எப்போதும் ஒரு தடுமாற்றம் இருக்கும். அது மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 100 துகள் விழுந்தால் தடுமாற்றம் 10, அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் 100, அதாவது 1 சதவீதம்தான். மங்கலான வெளிச்சத்தில், அதுவும் சின்ன சென்சாரில், விழும் துகள்கள் குறைவு. படம் பொரிபொரியாகத் தெரிவது இதனால்தான். செல்பேசிகள் பல படங்களைச் சேர்த்து இதைச் சமாளிக்கின்றன, நன்றாகவே சமாளிக்கின்றன. ஓடும் குழந்தையை எடுக்கும்போதுதான் அந்த வித்தை தடுமாறும்.

சரி, இப்போது ஒளியை எவ்வளவு நேரம் உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் ஷட்டருக்கு வருவோம்.

லென்ஸ் மாற்றும் கேமராக்களில் ஷட்டர் சென்சாருக்கு முன்னால் இருக்கும். இரண்டு திரைகள்: ஒன்று விலகி ஒளியை விடும், இன்னொன்று பின்னாலேயே வந்து மூடும். 1/1000 நொடி போன்ற வேகத்தில் முதல் திரை முழுவதும் விலகும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். அதாவது ஒரு குறுகிய பிளவு சென்சார் மேல் ஓடுகிறது. அந்த நேரத்தில் ஃப்ளாஷ் மின்னினால், பிளவு இருக்கும் இடத்துக்கு மட்டும்தான் அந்த ஒளி கிடைக்கும். அதனால்தான் இத்தகைய கேமராக்களில் ஃப்ளாஷுக்கு 1/250 நொடியை ஒட்டி ஒரு வரம்பு இருக்கிறது.

இந்தச் சின்ன கேமராக்களில் இருப்பது லீஃப் ஷட்டர். அது இருப்பது லென்ஸுக்குள்ளேயே, அப்பர்ச்சர் எனும் ஒளி நுழையும் துளைக்கு ஒட்டினாற்போல. மெல்லிய இதழ்கள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விரிந்து மறுபடி மூடிக்கொள்ளும். நடுவிலிருந்து திறந்தால் படத்தின் நடுப்பகுதிக்கு மட்டும் முதலில் ஒளி வருமே, ஓரங்கள் இருட்டாகிவிடாதா?

ஆகாது. பள்ளியில் கேட்பார்களே, குவிலென்ஸின் பாதியைக் கருப்புத் தாளால் மறைத்தால் பிம்பம் பாதியாகுமா என்று? ஆகாது, முழுப் பிம்பமும் தெரியும், வெளிச்சம் மட்டும் குறையும். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி லென்ஸின் எல்லாப் பகுதி வழியாகவும் போவதுதான் காரணம். தேர்வுக்காகப் படித்த அந்த ஒரு வரிதான் இங்கே இயந்திரமாகச் சுழல்கிறது. இதழ்கள் கடுகளவு திறந்த கணத்திலேயே சென்சார் முழுவதும் மங்கலாக ஒளிர்கிறது, விரிய விரியப் பிரகாசமாகிறது, மூட மூட மங்குகிறது. எந்தக் கணத்திலும் படத்தின் ஒரு துண்டு மட்டும் தனியாக ஒளி பெறுவதில்லை. ஆகவே 1/1000 நொடியிலும் ஃப்ளாஷ் படம் முழுவதும் பரவும்.

இதனால் என்ன லாபம்? உச்சி வெயிலில் ஒருவரை நிழலில் நிறுத்திப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வெயில் தொடர்ந்து கொட்டும் ஒளி. ஷட்டர் நேரத்தை 1/250-லிருந்து 1/1000-ஆக்கினால் அது கால் பங்காகிவிடும். ஃப்ளாஷோ கண்சிமிட்டலைவிட மிகக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். அது கிட்டத்தட்ட முழுசாகவே உள்ளே வந்துவிடும். ஆகவே கால் பங்கு சக்தியுள்ள குட்டி ஃப்ளாஷே வெயிலோடு போட்டி போடும். மாற்றும் லென்ஸ்களில் இதைச் செய்ய ஒவ்வொரு லென்ஸிலும் தனி ஷட்டர் வைக்க வேண்டும். ஹேசல்பிளாட் போன்ற சில நிறுவனங்கள் அப்படித்தான் வைக்கின்றன. ஒரே லென்ஸ் உள்ள கேமராவில் ஒன்றே போதும். அந்த ஷட்டர் எழுப்பும் சத்தமும் மெல்லிய ‘டிக்’, அவ்வளவுதான்.

இதே பொறிக்கு ஒரு பலவீனமும் உண்டு. துளை பெரிதாக இருந்தால் இதழ்கள் அதிக தூரம் போய்த் திரும்ப வேண்டும். துளையின் அளவை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் சிறிதானால் துளை பெரிது. முதல் எக்ஸ்100-ல் எஃப்/2 துளையில் 1/1000 நொடிக்கு மேல் வேகம் கிடைக்காது. துளையைச் சுருக்கினால் 1/4000 வரை போகலாம். வெயிலில் எஃப்/2-ல் எடுத்தால் படம் வெளுத்துவிடும் என்பதால், ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் வடிகட்டியைக் கேமராவுக்குள்ளேயே வைத்தார்கள். பிற்கால மாடல்களில் மின்னணு ஷட்டரும் உண்டு. ஆனால் அது வரிவரியாகப் படிப்பதால் வேகமாகச் சுழலும் விசிறியின் இறக்கைகள் வளைந்து தெரியும்.

ஜூம் இல்லாதது உண்மையான குறைதான். எக்ஸ்100-ன் பார்வை 35 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இணையான அகலமான பார்வை. படத்தின் ஓரங்களை வெட்டி, அதை 50 மில்லிமீட்டர் லென்ஸின் குறுகிய பார்வையாக்கினால் பிக்சல்களில் பாதி போய்விடும். 2024-ல் வந்த எக்ஸ்100-VI மாடலில் 40 மெகாபிக்சல் என்பதால் வெட்டினாலும் ஏறத்தாழ 20 மிஞ்சும். அதனால் அந்தக் குறை என்னைப் பெரிதாக உறுத்தவில்லை. பேட்டரி சிறியது, நாள் முழுக்க எடுப்பவர் இன்னொன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

என்னை நிஜமாக வருத்தியது தூசிதான். லென்ஸ் நீண்டு சுருங்கும் கேமராவில் காற்றும் உள்ளே போய் வருகிறது. எனது ஒரு கேமராவில் நீல வானத்தில் ஒரு சாம்பல் புள்ளி தோன்றியது. லென்ஸைக் கழற்றித் துடைக்க வழியில்லை, முழுக் கேமராவையும் பிரிக்க வேண்டும் என்றார்கள். எஃப்/2.8-ல் அந்தப் புள்ளி தெரியவே தெரியாது, எஃப்/11-ல் பளிச்சென்று தெரியும்: துளை சிறிதானால் ஒளி ஒரே திசையிலிருந்து வருவதுபோல் ஆகி, தூசியின் நிழல் கூர்மையாகிறது. ஆகவே பழைய கேமரா வாங்குபவர்கள் துளையை முழுவதும் சுருக்கி, ஒரு வெள்ளைச் சுவரைப் படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.