குதிரை வகுத்த சரிவு: ஸ்டெல்வியோ கணவாயில் சைக்கிள் ஏறும் விதம்

இத்தாலியின் வடக்கு விளிம்பில், வின்ஷ்காவ் பள்ளத்தாக்கின் ஓரத்தில் ப்ராட்டோ என்றொரு சிற்றூர். அங்கே தொடங்கி ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஏறும் சாலையில் 48 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றுக்கு எண்ணும் உண்டு. எண்கள் தலைகீழாக ஓடும்: அடிவாரத்தில் 48, உச்சியில் 1. மூச்சு வாங்க ஏறுபவருக்கு இன்னும் எத்தனை மிச்சம் என்று கல்லே சொல்லிவிடும். அது ஆறுதலா தண்டனையா என்பது அன்றைய கால்களின் நிலையைப் பொறுத்தது.

கணவாயின் உயரம் 2,757 மீட்டர். ப்ராட்டோவிலிருந்து சாலையின் நீளம் சுமார் 24 கி.மீ.; அதற்குள் ஏறும் உயரம் ஏறக்குறைய 1,840 மீட்டர். சராசரியாக 100 மீட்டர் ஓடினால் ஏழரை மீட்டர் உயர்கிறோம். இந்த ஏழரை சதவீதம் மலை கொடுத்த எண் அல்ல. பாதி வழியில் இருக்கும் ட்ராஃபோய் கிராமத்திலிருந்து கணவாய்க்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 5 கி.மீ.தான் வரும். அந்த 5 கி.மீட்டரில் 1,200 மீட்டர் ஏற வேண்டுமென்றால் சரிவு 24 சதவீதம். ஆட்டுக்கு அது பாதை, வண்டிக்கு அல்ல. சாலையோ அதே உயரத்தை 14 கி.மீ. சுற்றி வளைத்து ஏறுகிறது. இந்த அளவை நிர்ணயித்தது குதிரை.

நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1815-இல் மிலான் நகர் இருக்கும் லொம்பார்டிப் பகுதி ஆஸ்திரியாவின் கைக்கு வந்தது. மிலானையும் ஆல்ப்ஸ் மலையிலிருந்த ஆஸ்திரியப் பகுதியான டிரோலையும் நேராக இணைக்கும் ராணுவ, தபால் சாலை ஒன்று பேரரசுக்குத் தேவைப்பட்டது. அருகிலிருந்த ஸ்ப்ளூகன் கணவாய்ச் சாலையை அமைத்த பொறியாளர் கார்லோ தொனெகானியே இதையும் வகுத்தார். 1820-இல் தொடங்கி 1825-இல் வேலை முடிந்தது. அவர் முன்னால் இருந்த கணக்கு எளிது, ஆனால் கறாரானது. குதிரை நாள் முழுக்கக் களைப்பின்றி இழுக்கக்கூடிய விசை, அதன் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பத்து சதவீதச் சரிவில் ஈர்ப்பு விசை அந்தக் குதிரையின் உடலைப் பின்னோக்கி இழுப்பதும் அதே பத்தில் ஒரு பங்குதான். அதாவது தன்னையே மேலே தூக்கிக்கொண்டு போவதற்குள் அதன் வலு தீர்ந்துவிடும். வண்டிக்கு எதுவும் மிஞ்சாது. சிறிது தூரத்துக்கு மூச்சைப் பிடித்து இழுக்கும், ஆனால் மணிக்கணக்கில் முடியாது. எனவே சாலையை அந்த எல்லைக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். சரிவைக் குறைத்தால் நீளம் கூடும். நீளத்தை வைக்க இடமில்லாத செங்குத்தான பள்ளத்தாக்கில் அதை மடித்து மடித்துத்தான் அடுக்க முடியும். 48 வளைவுகள் பிறந்தது இப்படித்தான். ஒளிப்படக்காரர்கள் மயங்கும் அந்த நெளிவுகளில் அழகுணர்ச்சிக்கு இடமே இருக்கவில்லை.

ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளின் வடிவமும் இதற்கு ஒரு காரணம். ஆறு குடைந்த பள்ளத்தாக்கு ஆங்கில 'வி' போல இருக்கும். பனியாறு குடைந்தது 'யு' போல அகன்ற தரையும் செங்குத்துச் சுவரும் கொண்டிருக்கும். பனியாறு அரித்துப்போன தரையில் கிராமங்களும் ஆப்பிள் தோப்புகளும் பரந்திருக்க, பள்ளத்தாக்கின் தலைப்பில் சுவர் திடீரென எழும்புகிறது. ஸ்டெல்வியோவிலும் அப்படித்தான்: ட்ராஃபோய் வரை சரிவு சராசரி ஆறு சதவீதம், அதற்கு மேல் எட்டைத் தாண்டுகிறது. வின்ஷ்காவில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பக்கவாட்டு ஓடைகள் மலையிலிருந்து வாரிக்கொண்டு வந்த கல்லும் மண்ணும் விசிறிபோல் விரிந்து கிடக்கின்றன. பழைய ஊர்களில் பல அந்த விசிறிகளின் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. கீழே அடிஜே ஆற்றின் சதுப்புக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சி மேட்டில் குடியேறியவர்கள் கட்டியவை. அதனால், 'சமதளப் பள்ளத்தாக்கு' என்று நம்பி வரும் சைக்கிள்காரர் ஊருக்கு ஊர் சிறிய ஏற்றங்களைச் சந்திப்பார்.

சரி, குதிரைக்காக வகுத்த சரிவில் மனிதன் எப்படி ஏறுகிறான்? ஓட்டுநரும் சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,840 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டுமே சுமார் 15 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். நன்றாகப் பழகிய, ஆனால் பந்தய வீரரல்லாத ஒருவர் பெடலில் தொடர்ந்து 200 வாட் கொடுக்க முடியும். சமதளத்தில் இது மணிக்கு 32 கி.மீ. வேகத்தைத் தரும், அதில் பெரும்பகுதியைக் காற்று விழுங்கிவிடும். இந்தச் சரிவில் அதே 200 வாட் 10 கி.மீட்டரைச் சற்றே தாண்டும். காற்றுத் தடைக்குப் போவது இரண்டு சதவீதம்தான். பத்தில் ஒன்பது பங்கை ஈர்ப்பு விசை வாங்கிக்கொள்கிறது. உச்சியை எட்ட ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம் ஆகும்.

எடை முக்கியம் என்றதும் சைக்கிள் கடைக்காரர்கள் கண் மின்னும். கணக்குப் போட்டுப் பார்த்தால், சைக்கிளில் ஒரு கிலோ குறைத்தால் இந்த முழு ஏற்றத்திலும் மிச்சமாவது ஒன்றரை நிமிடம்தான். அதற்காக ஒரு மோட்டார் சைக்கிள் விலையைக் கொட்டுவது அவரவர் விருப்பம். எனக்கு அதில் நியாயம் தெரியவில்லை.

கியருக்குக் கொடுக்கும் காசு வேறு கதை. சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் ஓடுகிறது. சங்கிலி ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 34 பல், பின்னால் 34 பல் வைத்தால் ஒரு மிதிக்கு ஒரு சுற்று. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் கால்கள் நிமிடத்துக்கு 80 முறை சுழலும். பழைய பந்தய சைக்கிள்களில் இருந்த 39-25 அமைப்பில் அதே வேகத்துக்கு 50 முறைதான் சுழலும். ஆனால் ஒவ்வொரு மிதியும் ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமாகிவிடும். செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றே. ஆனால் கனத்த மிதி விரைவில் களைக்கும் தசை நார்களை வேலைக்கு இழுக்கிறது, முழங்காலையும் வதைக்கிறது.

தசை ஓர் ஊதாரி. உணவின் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கையே பெடலுக்குக் கொடுக்கிறது, மீதி வெப்பம். இந்த ஏற்றம் முடிவதற்குள் சுமார் 1,700 கிலோகலோரி செலவாகும். உடல் 600 வாட் ஹீட்டர்போல எரிந்துகொண்டிருக்கும். சமதளத்தில் எதிர்க்காற்று அதை ஆற்றிவிடும். 10 கி.மீ. வேகத்தில் காற்று ஏது? அதனால்தான் கடல்மட்டத்திலிருந்து இத்தனை உயரத்திலும் வியர்வை கொட்டுகிறது.

வளைவுகளில் ஒரு சூட்சுமம் உண்டு. உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே உயரத்தைத்தான் ஏறுகின்றன, ஆனால் உள்விளிம்பின் தூரம் குறைவு. உள்ளே ஆரம் 5 மீட்டர், வெளியே 10 மீட்டர் என்றால் உள்ளே சரிவு இரண்டு மடங்கு. எதிரே வண்டி வராதபோது வெளிப்பக்கமாகச் சுற்றி ஏறுபவர் தூரத்தைக் கூட்டிக் கனத்தைக் குறைத்துக்கொள்கிறார். தொனெகானி மலை முழுவதற்கும் செய்ததை அவர் ஒரு வளைவுக்குள் செய்கிறார்.

காற்றுத் தடை இரண்டு சதவீதம் என்பதற்குப் பந்தயத்தில் பெரிய விளைவு உண்டு. சமதளத்தில் மற்றவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஓடுபவருக்கு ஏராளமான ஆற்றல் மிச்சம். கூட்டத்தை விட்டுத் தனியே பாய்பவர் பெரும்பாலும் பிடிபடுவார். மலையில் ஒளிய இடமில்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை வாட் என்பதே அங்கே தீர்ப்பு. 1953-இல் இத்தாலியைச் சுற்றிப் பல நாள் நடக்கும் ஜிரோ தித்தாலியா பந்தயம் முதன்முறையாக ஸ்டெல்வியோவைக் கடந்தது. முன்னிலையில் இருந்தவர் சுவிட்சர்லாந்தின் ஹ்யூகோ கோப்லெட். இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி இந்த ஏற்றத்தில் தனியாகப் பிரிந்து, மறுபக்கம் போர்மியோவில் முதலாவதாக இறங்கி, முன்னிலை வீரர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டையைப் பறித்துக்கொண்டார். ஒவ்வோர் ஆண்டும் ஜிரோவின் மிக உயரமான கணவாய்க்கு இன்று 'சீமா கோப்பி' என்று பெயர். பந்தயம் ஸ்டெல்வியோ வழியே போகும் ஆண்டுகளில் அந்தப் பெயர் இதற்குத்தான்.

உச்சியை நெருங்க நெருங்க வேறொரு கணக்கு குறுக்கிடுகிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு மாறுவதில்லை. ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் 72 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குச் சேரும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும். இதயம் வேகத்தைக் கூட்டி ஓரளவு ஈடுகட்டுகிறது; முழுதாக முடிவதில்லை. அடிவாரத்தில் 200 வாட் கொடுத்தவர் கடைசி வளைவுகளில் 180 கொடுக்கத் திணறுவார். சரிவு மிகக் கடுமையாக இருப்பதும் அங்கேதான். வெப்பநிலையோ ப்ராட்டோவைவிட ஏறக்குறைய 12 டிகிரி குறைவு.

ஏறிச் சேர்த்த 15 லட்சம் ஜூலையும் இறங்கும்போது எங்காவது கொட்டியாக வேண்டும். கொட்ட இரண்டே இடங்கள்: காற்று, பிரேக். ஏழரை சதவீதச் சரிவில் பிரேக்கைத் தொடாமல் விட்டால், காற்றுத் தடை ஈர்ப்பைச் சமன்செய்யும் வேகம் மணிக்கு 65 கி.மீட்டரை ஒட்டியிருக்கும். மிக மெதுவாக இறங்கினால் பிரேக்குக்கு நொடிக்கு நொடி சேரும் வெப்பம் குறைவு. மிக வேகமாக இறங்கினால் காற்றே வேலையைச் செய்துவிடும். மோசமானது இடைப்பட்ட வேகம். 38 கி.மீ. வேகத்தில் பிரேக்கை அழுத்தியபடியே இறங்குபவரின் பிரேக்குகள் தொடர்ந்து 400 வாட் வெப்பத்தைத் தாங்குகின்றன. பழைய வகைப் பிரேக் சக்கர விளிம்பையே பிடிப்பதால் விளிம்பு கொதித்து, உள்ளிருக்கும் ட்யூப் வெடிக்கலாம். கார்பன் விளிம்பென்றால் அதைப் பிணைக்கும் பிசின் இளகலாம். வட்டு பிரேக்கில் அந்த ஆபத்து டயரைவிட்டு விலகுகிறது, ஆனால் எண்ணெய் கொதித்தால் பிடி தளரும்.

தேர்ந்தவர்கள் நேர்ப்பாதையில் நிமிர்ந்து உட்கார்ந்து மார்பைக் காற்றுக்குக் கொடுப்பார்கள். வளைவுக்கு முன் பலமாக, சுருக்கமாகப் பிடித்து விட்டுவிடுவார்கள். எட்டு மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கி.மீ. போனாலே உடல் 20 டிகிரிக்கு மேல் சாய வேண்டும். ஈரச் சாலையில் அதற்குமேல் ஆசைப்படக் கூடாது.

வந்த வழியே இறங்காமல் போர்மியோ பக்கம் மூன்று கி.மீ. இறங்கி, உம்ப்ரைல் கணவாயில் சுவிட்சர்லாந்துக்குள் திரும்புவது என் பரிந்துரை. 2015 வரை அதில் ஒரு துண்டு மண் சாலையாகவே இருந்தது. இப்போது முழுக்கத் தார். சாந்தா மரியாவில் இறங்கினால் அடுத்த ஊர் முஸ்டைர். கி.பி. 800 வாக்கில் ஆண்ட பேரரசர் சார்லமேன் காலத்துச் சுவரோவியங்கள் அங்கிருக்கும் மடாலயத்தில் உள்ளன. அங்கிருந்து மதில் சூழ்ந்த க்ளூர்ன்ஸ் வழியாக ப்ராட்டோவுக்குத் திரும்பும் பாதையில் பிரேக்குக்கு அதிகம் வேலை இல்லை. கணவாய் ஜூன் முதல் அக்டோபர் வரைதான் நம்பகமாகத் திறந்திருக்கும். கோடையின் கடைசியில் ஆண்டுக்கு ஒரு நாள் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாலையைச் சைக்கிள்களுக்கு மட்டும் விடுகிறார்கள். வெளிவிளிம்பில் சுற்றி ஏறும் கணக்கைப் பயமின்றிச் சோதித்துப் பார்க்க அந்த நாளே தோது.