நீர் வடிகிறதே, பிறகு எப்படி உலர்கண்?

"கண்ணிலிருந்து ஓயாமல் தண்ணீர் வடிகிறது, நீங்கள் உலர்கண் என்கிறீர்களே, டாக்டர்?" இந்தக் கேள்வியைச் சென்ற வாரம் மறுபடியும் கேட்க நேர்ந்தது. கேட்டவர் 34 வயதுக் கணக்காளர். பகல் முழுவதும் கணினித் திரையின் முன் அமர்பவர். கண் சிவப்பு மறையும் என்று மருந்துக்கடையில் கொடுத்த சொட்டு மருந்தை 2 ஆண்டுகளாகக் கண்ணில் விட்டு வந்தவர். அவருடைய கீழிமையைத் தாழ்த்தி அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்தபோது, வெண்கோடுகளாக வரிசையில் நிற்க வேண்டிய எண்ணெய்ச் சுரப்பிகளில் பாதியைக் காணவில்லை. எஞ்சியவையும் குட்டையாகவும் வளைந்தும் கிடந்தன.

கண்ணீர் என்றால் வெறும் தண்ணீர் என்ற எண்ணம்தான் இவ்வளவுக்கும் காரணம். பாலின் மேல் ஆடை படிவதுபோல, கண்ணின் மேற்பரப்பை நனைக்கும் நீரின் மேல் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்திருக்கிறது. அதைத் தருபவை இமைகளுக்குள் இருக்கும் மைபோமியன் சுரப்பிகள்; மேலிமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை இருக்கும். (1666இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மைபோமின் பெயரே இவற்றுக்கு வாய்த்தது, கண்மைக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.) எண்ணெய் குறைந்தால் நீர் விரைவில் ஆவியாகிறது, கருவிழி ஆங்காங்கே காய்கிறது, உறுத்தலை உணர்ந்த நரம்புகள் கண்ணீர்ச் சுரப்பியைத் தூண்டுகின்றன, அது வெள்ளமாகக் கொட்டுகிறது. அந்த வெள்ளத்தைக் காக்கப் போதிய எண்ணெய் இல்லாததால் அது கன்னத்தில் வழிந்துவிடுகிறது. கண் மறுபடி காய்கிறது. ஆகவே நீர் வடிவதே உலர்கண்ணின் அடையாளமாக இருக்கக்கூடும். இமையோரத்தில் காகிதத் துண்டை வைத்து அளந்தபோது நன்றாக நனைந்ததே என்று பழைய சீட்டைக் காட்டுபவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: அந்தக் காகிதம் நீரின் அளவைத்தான் சொல்லும், எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மைபோகிராபி எனப்படும் இந்த அகச்சிவப்புப் படத்துக்குச் சில நிமிடங்கள் போதும். ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை. சுரப்பிகள் முழுமையாக இருந்தால் 0, மூன்றில் ஒரு பங்குக்குள் இழப்பு என்றால் 1, மூன்றில் இரண்டு பங்கு வரை என்றால் 2, அதற்கும் மேல் என்றால் 3 என்று மதிப்பிடுகிறோம். ஆனால் படம் வடிவத்தைத்தான் காட்டும். இமையோரத்தை மெல்ல அழுத்தி, வரும் எண்ணெய் தெளிவாக இருக்கிறதா, பற்பசைபோல் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்காமல், படத்தை மட்டும் காட்டி நோயாளியைப் பயமுறுத்தி விலையுயர்ந்த சிகிச்சையை விற்பது நம் தொழிலுக்கு அழகல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அழிந்துபோன சுரப்பியை மீண்டும் முளைக்க வைக்கும் மருந்து இன்று எங்களிடம் இல்லை. எனவே எஞ்சியிருப்பதைக் காப்பதே வழி. தயவுசெய்து சிவப்பு நீக்கும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிக் கண்ணில் ஊற்றாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண் அழுத்தமும் ஏறலாம். எண்ணெய்தானே குறைவு என்று சமையலறை விளக்கெண்ணெயைக் கண்ணில் ஊற்றாதீர்கள், கொதிநீர் ஆவியில் கண்ணைக் காட்டாதீர்கள். மருத்துவர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருந்தால், பொறுக்கும் சூட்டில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமைகளின் மேல் வைத்து, ஆறியதும் மறுபடி நனைத்து, 10 நிமிடம் விடாமல் செய்யுங்கள். சுரப்பிகளின் வாய் திறக்கும் இமை விளிம்பில் மை தீட்டுவதைத் தவிருங்கள். திரையைப் பார்க்கும்போது இமைகள் ஒன்றையொன்று தொடும்படி முழுமையாக இமையுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்த வேண்டாம். ஆனால் கண் மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம், அது இந்தச் சுரப்பிகளைப் பாதிக்கக்கூடியது.

அந்தக் கணக்காளரை 3 மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். அதே இமையை மறுபடியும் படம் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, எஞ்சியிருந்த கோடுகள் அப்படியே நின்றால் எனக்கு அதுவே போதும்.