ஆணையம் (கமிஷன்)

கமிஷன் என்றதும் கடைத்தெருவில் தரகுப் பணமே நினைவுக்கு வரும். சட்ட வழக்கிலோ அச்சொல், அரசு ஒரு பொறுப்பை ஒப்படைத்து அமர்த்தும் குழுவைக் குறிக்கும். ஒப்படைத்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல்லும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் கோயில்களில் நாம் நாள்தோறும் வழங்கும் கமிட்டி என்ற சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

இதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் ஆணையம். இலங்கையில் ஆணைக்குழு என்பர். கமிஷனில் ஒப்படைப்பு முன்நிற்க, ஆணையத்தில் அதிகாரம் முன்நிற்கிறது. ஆணையிட அதிகாரமற்ற விசாரணைக் குழுக்களுக்கு இச்சொல் சற்றே மிகைதான். ஒப்பந்தக் கூலிக்காலம் முடிந்த இந்தியர்மேல் விதித்த மூன்று பவுன் வரி முதலான குறைகளை ஆராய 1913இல் அமைந்த சாலமன் கமிஷனில் இந்தியர் ஒருவரும் இல்லை. காந்தியின் பக்கம் நின்றோர் அதன்முன் சாட்சி சொல்ல மறுத்தனர். அறிக்கை தந்ததோடு அதன் வேலை முடிந்தது. வரியை நீக்கியது 1914ஆம் ஆண்டுச் சட்டமே.

நிலையான ஆணையம் வேறு வகை. இந்நாட்டு வரலாற்றுச் சின்னங்களைக் காத்த கமிஷன், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் கவுன்சில், அதாவது மன்றம் ஆயிற்று. 1999ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் அதன் இடத்தில் ஏஜென்சி, அதாவது முகமையை வைத்தது. முகமையை நடத்தும் ஆட்சி மன்றத்தில் அமைச்சர் அமர்த்தும் 9 முதல் 15 உறுப்பினர்களும், தலைமைச் செயல் அலுவலரும் உண்டு. நாடு தழுவிய சிறப்புடைய சின்னங்கள் முதல் தரமாக முகமையின் பொறுப்பிலும், இரண்டாம் தரத்தவை மாகாண அமைப்பின் பொறுப்பிலும், மூன்றாம் தரத்தவை உள்ளாட்சியின் பொறுப்பிலும் இருக்கும்.

கேப் டவுனிலுள்ள குரூட் ஸ்கூர் மாளிகையை எடுத்துக்கொள்வோம். டச்சுக் கம்பெனியின் தானியக் களஞ்சியமாகத் தொடங்கிய அதன் பெயருக்கே பெருங்களஞ்சியம் என்றுதான் பொருள். கேப் குடியேற்றத்தின் பிரதமராக இருந்து 1902இல் இறந்த செசில் ரோட்ஸ் அதைப் பிரதமர்களின் உறைவிடமாக உயிலில் எழுதிவைத்தார். 1990 மே 4இல் அன்றைய அதிபர் டி கிளார்க்கின் அரசும் மண்டேலா தலைமையிலான ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் குழுவும் உடன்பாடு கண்டதும் அங்கேதான். இத்தகைய மாளிகைக்கு மேற்சொன்ன முகமை போன்ற மரபுவள அமைப்பு உடைமையாளர் அன்று. அதன் கையிலுள்ளது இசைவு தரும் அதிகாரம். உடைமையாளர் அரசே ஆயினும், 60 ஆண்டைக் கடந்த கட்டடத்தின் ஒரு சன்னற் சட்டத்தை மாற்றக்கூட இசைவுச் சீட்டு வேண்டும். பழைய கோயில் மண்டபத்தின் தகரக் கூரையை மாற்ற நினைக்கும் நம் கமிட்டிகளுக்கும் இதே விதிதான். இது தெரியாமல் கொத்தனாரை முதலில் அழைத்துவிட்டு, பிறகு அனுமதிக்கு அலைவோர் உண்டு.

ஆகவே, கமிஷன் என்று பெயர் பெற்ற பழைய அமைப்புக்கு ஆணையம் என்றும், 1969க்குப் பின் வந்ததற்கு மன்றம் என்றும், இன்றுள்ளதற்குத் தென்னாப்பிரிக்க மரபுவள முகமை என்றும் எழுதுவதே முறை; மூன்றையும் வாரியம் என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடலாம்.