தவணை ஏறினால் துணிக்கடையில் ஆள் குறையும்

மலேசியாவில், கெடா மாநிலத்தின் பீடோங் பக்கம் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். வீட்டுக்கடன் கட்டத் திணறுகிறவர்கள் என்னிடம் வருவதில்லை. ஆனாலும் அவர்கள் கஷ்டம் கடைகளின் சம்பளத்தாள் வழியாக என் மேசைக்கு வந்துவிடுகிறது.

2023 தீபாவளி கழிந்த மாதம், ஒரு துணிக்கடைச் சம்பளத்தாளில் நான்கு பெயர் இரண்டாகியிருந்தது. கடைக்கார அக்காவிடம் கேட்டேன். "சனம் வருது தம்பி. புடவைய விரிச்சுப் பார்க்குது, விலையக் கேட்குது, மடிச்சு வச்சிட்டுப் போயிடுது" என்றார். ரசீதுகளைப் புரட்டினேன். முந்தின வருடம் 180 வெள்ளிப் (ரிங்கிட்) புடவை வாங்கிய வீடுகள் 60 வெள்ளிக்கு இறங்கியிருந்தன.

2022 மே தொடங்கி ஒரே ஆண்டில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அடிப்படை வட்டியை 1.75 விழுக்காட்டிலிருந்து 3க்கு ஏற்றியது. வீட்டுக்கடன் வட்டியும் கூடவே ஏறியது. 250,000 வெள்ளி வீட்டுக்கடன், 35 வருடம் என்று வையுங்கள். வட்டி 3.25 என்றால் மாதத் தவணை 997 வெள்ளி; 4.5 ஆனால் 1,183. வித்தியாசம் 186. ஒரு தாமானில் (குடியிருப்பில்) இப்படி 100 வீடு இருந்தால் மாதம் 18,600 வெள்ளி ஊரைவிட்டு வங்கிக்குப் போகிறது. அன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,500. பன்னிரண்டு பேர் சம்பளம் அது. அத்தனையும் சம்பளமாகியிருக்காதுதான், சரக்குக்கும் போயிருக்கும். ஆனால் வாடகையைக் குறைக்க முடியாத முதலாளி முதலில் ஆளைத்தான் குறைக்கிறார்.

அமெரிக்காவில் 2007–2009இல் வீட்டு விலை சரிந்தபோதும் இதுவே நடந்தது. பொருளாதார அறிஞர்கள் ஆதிஃப் மியான், அமிர் சூஃபி இருவரும் மாவட்டம் மாவட்டமாக ஆராய்ந்தார்கள். கடன் சுமந்து வீட்டு மதிப்பை இழந்த மாவட்டங்களில் உணவகம், சில்லறைக்கடை வேலைகள் அதிகம் பறிபோயின. வெளியூருக்கு விற்கும் தொழிற்சாலைகளின் வேலையிழப்போ எல்லா இடத்திலும் பரவியிருந்தது.

எனக்கு அதிகம் பயம் தருவது ரீஃபைனான்ஸ், அதாவது வீட்டுக்கடனை மாற்றி எடுப்பது. வீட்டு விலை ஏறிவிட்டது என்று கூடுதல் கடன் எடுத்து, கல்யாணம், கார், சமையலறை என்று செலவழிக்கிறோம். அந்த ஓரிரு வருடம் கடைகளில் கூட்டம், புது ஆள். பிறகு தவணை மட்டும் மிஞ்சுகிறது. அந்தப் புது ஆளும் வீட்டுக்குப் போகிறார். பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைதான்.

வீடு வாங்குகிறவர்கள் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத் தவணையைக் கணக்குப் போடுங்கள். சுங்கை பட்டாணி தொழிற்சாலையில் 'ஓடி' (கூடுதல் நேர வேலை) நின்ற மாதமே தடுமாறிய குடும்பங்கள் உண்டு. தவணை தவறும் முன்பே கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேவுக்குப் போங்கள். 2006இல் பேங்க் நெகாரா அமைத்தது. கடன் ஆலோசனைக்குக் காசு கேட்பதில்லை. ஆ லோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) போன பிறகு வந்து அழாதீர்கள்.

கடை முதலாளிகளே, இரண்டே ஆள் வைத்திருந்தாலும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் அவர்களைப் பதியுங்கள். 2018 முதல் வேலைக் காப்புறுதியும் சேர்ந்தே ஓடுகிறது; உங்கள் பங்கு சம்பளத்தில் 0.2 விழுக்காடுதான். வேலை போனவர் 60 நாளுக்குள் மனுப்போட்டால், சந்தா நிபந்தனை பொருந்தினால், ஆறு மாதம் வரை உதவித்தொகை கிடைக்கும். அந்தத் துணிக்கடையில் வேலை போன பெண்கள் இருவரில் ஒருத்திக்குக் கிடைத்தது. மற்றவள் பெயரை அக்கா பதிந்திருக்கவே இல்லை.