மெலிந்த பயனாளிக்கு என்ன சோதனை?

போன வாரம் தரமணியில் ஒரு கூட்டம். திரையில் கொட்டை எழுத்தில் ‘மெலிந்த பயனாளி சோதனைத் திட்டம்’ என்று போட்டிருந்தார்கள். இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக இதைப் பார்க்கிறேன். ரேஷன் கடை வரிசையில் ஒல்லியாக நிற்பவர்களைத் தனியே கூப்பிட்டு எடை பார்க்கப் போகிறார்கள் போல! சொல்ல வந்தது லீன் யூசர் டெஸ்டிங்.

விஷயம் எளிது. இணையதளத்தையோ செயலியையோ முழுக்கக் கட்டி முடிக்கும்வரை காத்திராமல், அரைகுறையாக இருக்கும்போதே, காகிதத்தில் வரைந்த படமாக இருந்தாலும் சரி, அதைப் பயன்படுத்தப் போகிற நாலைந்து பேரிடம் கொடுத்து எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது.

டெஸ்ட் என்பது லத்தீன் மண்சட்டியிலிருந்து வந்தது, பொன் வெள்ளியை உருக்கி மாற்றுப் பார்க்கும் சட்டி. லீன் என்றால் கொழுப்பில்லாத இறைச்சி. வீணைத் தவிர்க்கும் டொயோட்டாவின் உற்பத்தி முறையைக் குறிக்க ஜான் கிராஃப்சிக் என்ற ஆய்வாளர் 1988இல் ஒரு கட்டுரையில் எடுத்தாண்டார், பிறகு மென்பொருள்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சொல்லின் கதை இவ்வளவுதான்.

இப்போது ‘மெலிந்த’துக்கு வருவோம். கறிக்கடையில் போய் “மெலிந்த கறி அரைக்கிலோ போடுங்க பாய்” என்று கேட்டுப் பாருங்கள், நோஞ்சான் ஆட்டைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைப்பார். தமிழில் மெலிவு என்றால் நலிவு. லீன் என்பதில் நலிவு கிடையாது, வீண் கிடையாது என்பதுதான் சேதி. அதற்குச் சிக்கனம் என்ற சொல் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கஞ்சத்தனம் வேறு, சிக்கனம் வேறு என்று நம் பாட்டிகள் பாடமே எடுத்திருக்கிறார்கள்.

‘பயனாளி’ அதைவிட மோசம். அரசுத் திட்டத்தில் உதவி பெறுகிறவர்தான் பயனாளி. நம் தளத்தில் வந்து சிக்கித் தவிக்கிறவருக்கு என்ன உதவி கிடைத்துவிட்டது? சரி, ‘பயனர்’ என்று திருத்திக்கொள்கிறார்கள். ‘பயனர் சோதனை’ என்கிறார்கள். என் பெரிய சண்டையே இதோடுதான். பை சோதனை என்றால் பையைச் சோதிப்பது, ரத்தப் பரிசோதனை என்றால் ரத்தத்தை. அப்படியானால் பயனர் சோதனையில் சோதிக்கப்படுவது யார்? வந்த மனிதர்தான். ஆனால் இந்த வேலையில் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியமே “உங்களைச் சோதிக்கவில்லை, தளத்தைத்தான் சோதிக்கிறோம்” என்பது. வாசலில் ஒன்றை எழுதிவைத்துவிட்டு உள்ளே போனதும் அதையே மறுத்துப் பேசுகிறோம்.

‘வெள்ளோட்டம்’ என்று சொல்லலாமே என்பார் ஒரு நண்பர். அருமையான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளோட்டம் விடும்போது தேர் முடிந்துவிட்டது; இழுக்கத் தெரிந்தவர்கள்தான் வடம் பிடிக்கிறார்கள்; சக்கரமும் அச்சும் தாங்குமா என்பதே கேள்வி. இங்கே தேர் தச்சன் கையிலேயே இருக்கிறது, இழுப்பவருக்கு வடம் எதென்றே தெரியவில்லை. இன்னொருவர் சோதனை வடசொல், ஆய்வு என்று மாற்று என்கிறார். ஆய்வு என்றதும் நம் ஆட்கள் ஆறு மாதமும் நூறு பக்க அறிக்கையும் கேட்பார்கள், அப்புறம் சிக்கனம் எங்கே?

என் பரிந்துரை ‘புழங்கு சோதனை’. புழங்கு பொருள் என்று சொல்கிறோம் அல்லவா, அந்த வழியில். புழங்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. முன்னால் சிக்கனம் சேர்த்தால் ‘சிக்கனப் புழங்கு சோதனை’. கொஞ்சம் நீளம்தான், இருக்கட்டும்.

சிக்கனம் எவ்வளவு? இந்தத் துறையின் பெயர்பெற்ற வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியதை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள்: ஒருவர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களைக் காட்டிக்கொடுப்பார், ஐந்து பேர் போதும், ஏறக்குறைய 85 சதவீதம் வெளியே வந்துவிடும். 15 பேர் கிடைத்தால் ஒரே மூச்சில் உட்காரவைக்காமல், ஐந்தைந்து பேராக மூன்று சுற்று, நடுவில் திருத்தம். கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒரே தளத்தைப் புழங்குகிறார்கள் என்றால் இரு தரப்பையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரு காலைப் பொழுது, வந்தவர் தளத்தில் செய்து பார்க்க மூன்று நான்கு வேலைகள், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது, உதவி செய்யத் துடிக்கும் நம் கையைக் கட்டிக்கொள்வது (இதுதான் கஷ்டம்), அன்று மதியமே எதைத் திருத்துவது என்று முடிவெடுப்பது.

இதே காலைப் பொழுதுக்குத் தளத்தைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர்களையும் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைக்க வேண்டும். சில மாதம் முன்பு மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு மாமி வந்தார். படிவத்தை மளமளவென்று நிரப்பியவர் ‘சமர்ப்பிக்கவும்’ என்ற பொத்தானில் நின்றுவிட்டார். “இதுல ஏதாவது பணம் கட்டணுமா?” என்று கேட்டார். கோயிலில் சமர்ப்பித்தே பழகியவர், வேறென்ன நினைப்பார்? மதியம் அதை ‘அனுப்பு’ என்று மாற்றினோம். அடுத்து வந்த இருவரும் அங்கே நிற்கவே இல்லை.

மாமிக்கு நாங்கள் அனுப்பிய அழைப்பில் ‘பயனர் சோதனை’ என்றுதான் இருந்தது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார், “நான் பாஸா, தம்பி?”